காது கேட்காத காவலாளி

நிலோஃபரிடம் கதை விளையாட்டு நடத்தக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சிதம்பரநாதன்தான் மூத்தவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். திருச்சியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் வகுப்பு நடக்கும்.

விளையாட்டை நடத்துபவர் மாய உலகக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே போவார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் மாறி, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். விளையாட்டு அவ்வளவுதான்.

அன்று சிதம்பரநாதன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்கூட விளையாடுற மூணு பேரும் இனிமே எங்க வீட்டுக்கு வரமாட்டாங்க போல மேடம். அவங்க இல்லேன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல."

"என்னாச்சு சார்?"

"மூணு பேரையும் அரக்கனோட பாதாளச் சிறையில அடைச்சேன். தப்பிக்க அருமையான வழி ஒண்ணு வச்சிருந்தேன். ராவும் பகலும் யோசிச்சது."

"கண்டுபிடிச்சாங்களா?"

"எங்க! மந்திரக்காரி எலியா மாறி சாக்கடை வழியா போறேன்னா. சாக்கடையில கம்பி இருக்குன்னுட்டேன்."

"முதல்லயே இருந்துச்சா?"

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார்.

"அவ கேட்டப்பதான் வச்சேன்."

"அப்புறம்?"

"திருடன் காவலாளிகிட்ட நைசா பேச்சுக் கொடுத்தான். காவலாளிக்குக் காது கேக்காதுன்னேன்."

நிலோஃபருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"வீரன்?"

"செத்த மாதிரி கிடந்தான். பகடைகூட அவன் பக்கம்தான் விழுந்துச்சு."

"தூக்கி வெளிய போட்டாங்களா?"

"இந்தச் சிறையில பொணத்தை உள்ளயே விட்டுடுவாங்கன்னேன்."

சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"என் வழியை மட்டும் கண்டுபிடிச்சிருந்தா கைதட்டியிருப்பாங்க மேடம். அதுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு, வீட்ல வேலை இருக்குன்னு எந்திரிச்சுட்டாங்க. காப்பியைக்கூடக் குடிக்கல. என் சிறையில என்ன தப்பு?"

"எந்திரிச்சு எந்த வழியா போனாங்க?"

"இதென்ன கேள்வி? எங்க வீட்டு வாசல் வழியாத்தான்."

"அப்ப மூணு பேரும் தப்பிச்சுட்டாங்க சார். நீங்க அடைக்காம விட்டது அந்த ஒரு வழியைத்தான்."