கூரைமேல் போன பல்

வெள்ளைத்தாய் ஜமீன் அரண்மனையில் நெல் குத்துகிறவள். அவளை விட்டுப் பிரிந்த புருஷன் சங்கிலிமுத்து அங்கேயே கங்காணி. மகள் சிட்டு ஆறு மாசம் அப்பனிடம், ஆறு மாசம் ஆத்தாவிடம் என்பது ஜமீன்தார் தீர்ப்பு. கூடவே ஒரு நிபந்தனை: "கொடுத்த பிள்ளை கொடுத்தபடியே திரும்பணும். மாத்தி அனுப்பினவங்களுக்கு அப்புறம் பிள்ளை கிடையாது."

ஆடி முதல் தேதி ஆத்தாவின் முறை முடிந்தது. அரண்மனை முற்றத்தில் சங்கிலிமுத்து மகளின் வாயைத் திறந்து காட்டினான். "முன்பல்லைக் காணோம், எசமான்!"

"பல் எங்கேடி?" ஜமீன்தார் உறுமினார்.

வெள்ளைத்தாய் கைகூப்பினாள். "தானா விழுந்துச்சு சாமி. சாணியில உருட்டிக் கூரைமேல எறிஞ்சேன்."

"இப்பவே பழையபடி ஒட்டி வை. இல்லாட்டி இனிமே பிள்ளையைக் கண்ணாலயும் பார்க்க மாட்டே."

சிட்டு அழுதுகொண்டே ஆத்தாவின் சேலையைப் பிடித்தாள். வெள்ளைத்தாயின் பார்வை மகளின் பாவாடையில் விழுந்தது.

"ஒட்டுறேன் சாமி. போன வருசம் நான் அவர்கிட்ட விடும்போது இந்தப் பாவாடை கணுக்காலை மூடியிருந்துச்சு. தை மாசம் திரும்பி வந்தப்போ கெண்டைக்கால் தெரிஞ்சுது. முதல்ல அவர் இவளைப் பழைய உயரத்துக்குக் குறைக்கட்டும்."

"கூறுகெட்டவளே! பிள்ளைன்னா வளரத்தானே செய்யும்?"

"பல்லும் விழத்தானே செய்யும், சாமி."

முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜமீன்தார் சிட்டுவை அப்பனோடு போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

தை பிறந்ததும் சிட்டு ஆத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இன்னும் இரண்டு பல் குறைந்திருந்தது. யாரும் எண்ணவில்லை.