மூடிய இலை

“முடிவு பண்ணிட்டேன் சாமி. இந்தப் புடவையை இன்னிக்கு அவங்க வீட்டு வாசல்லயே விட்டெறிஞ்சுட்டு வரப் போறேன். திருநீறு கொடுங்க.”

ஆவுடை மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் இருந்தது அவளுடைய நிச்சயப் புடவை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கல்யாணம் இதோடு நின்றது.

மடத்துச் சாமியம்மா ஆவுடையைவிட மூன்று வயது இளையவர். ஊரே அவர் காலில் விழும். அவரோ ஆவுடையை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதையும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்.

“யார் வீட்டு வாசல்லக்கா?”

“ரைஸ்மில் உலகநாதன் வீட்டு வாசல்ல. பெரிய வீடு! எங்கப்பா தையல் மெஷின் மிதிக்கிறவர்தானே, என்ன செஞ்சாலும் பொறுத்துக்குவோம்னு நினைப்பு.”

“என்ன செஞ்சாரு?”

இதற்குத்தானே காத்திருந்தாள்? பொரிந்து தள்ளிவிட்டாள்.

நிச்சயம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு பருக்கை வாய்க்குப் போகாது. முடிந்த கையோடு பந்தியில் உட்கார்ந்தால்தான் உறவு உறுதி. அன்றைக்கு ஆவுடையின் அம்மா விடியுமுன் எழுந்து ஒற்றை ஆளாகச் சமைத்தாள். போன மாசம்தான் கண்ணாடி போட்டிருந்தாள். சம்பந்தியம்மா முன்னால் கிழவியாகத் தெரிவானேன் என்று அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். வீம்பு, வேறென்ன!

இலை போட்டார்கள். மாப்பிள்ளை உலகநாதன் கீரையில் கை வைத்தான். நாலு வாய்கூட இறங்கவில்லை. சோற்றை இழுத்துக் கீரையை மூடினான், இலையை மடக்கினான், எழுந்துவிட்டான்.

“கை நனைச்ச அன்னிக்கே இலையை மூடிட்டான் சாமி! எங்கம்மா கரண்டியும் கையுமா அப்படியே நின்னா. ஏன்னு கேட்டா, வயிறு சரியில்லையாம். பொய்! கார்ல வந்து இறங்கும்போது நல்லாத்தானே இருந்தான்? ஏழை வீட்டுச் சோறு இறங்கல, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்னிக்கே ஒரு வார்த்தை பேசாம உர்ருன்னு உக்காந்திருந்தான். அப்பவே நினைச்சேன், திமிர் பிடிச்சவன்னு.”

“அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?”

“அதுக்கப்புறம் போன்ல பேசினான். நல்லா பேசினான்.” ஆவுடை பையின் காதை முறுக்கினாள். “பிடிச்சுப் போச்சு சாமி. அதுதான் வயிறெரியுது.”

சாமியம்மா திருநீற்றுத் தட்டைத் தொடவில்லை.

“பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை மதியம் மடத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. சமைப்பது மூக்கம்மா. கண்ணில் புரை விழுந்தும் கரண்டியை யாரிடமும் விடமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டுச் சாயங்காலம் மட்டும் வந்து போகிற ஆவுடை டீச்சர் முதன்முதலாகப் பந்தியில் உட்கார்ந்ததும் மூக்கம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்து நின்றுகொண்டாள்.

“கீரை எப்படி இருக்குன்னு சொல்லுங்க தாயி.”

சாமியம்மாதான் பரிமாறினார்.

ஆவுடை பிசைந்தாள். விரலில் ஏதோ கொழகொழவென்று பட்டது. குனிந்து பார்த்தாள். கீரையோடு கீரையாக ஒரு பச்சைப் புழு வெந்து கிடந்தது.

நிமிர்ந்தாள். மூக்கம்மா வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

ஆவுடை சட்டென்று சோற்றை இழுத்துக் கீரையை மூடினாள். இலையை மடக்கினாள்.

மூக்கம்மாவின் முகம் விழுந்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“படிச்ச புள்ளைக்கு நம்ம சமையல் எங்க எறங்கும்? நான் ஒரு கூறுகெட்டவ, எதிர்ல வந்து நிக்கேன்.”

ஆவுடைக்குச் சுரீரென்றது.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா! எனக்கு வயிறு சரியில்ல.”

சொன்ன வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

சாமியம்மா நாலு இலை தள்ளி மோர் வாளியோடு நின்றிருந்தார்.

“அன்னிக்கு அந்த இலையை யாருக்கா எடுத்தது?”

“நான்தான். கொண்டுபோய்க் குப்பைக்குழியில எறிஞ்சேன்.”

“பிரிச்சுப் பார்த்தீங்களா?”

கேட்டுவிட்டு அவர் அடுத்த இலைக்கு மோர் ஊற்றப் போய்விட்டார்.

அரிசிப் பானையும் அதற்குள் கிடந்த கண்ணாடியும் ஆவுடையின் கண்முன் வந்து நின்றன. தன் இலையைத் தானே எடுத்தாள். யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் போட்டாள். கை கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். திருநீறு கேட்கவில்லை.

பஸ்ஸுக்கும் நிற்கவில்லை. உச்சி வெயிலில் விறுவிறுவென்று நடந்தே போனாள். நிச்சயமான பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறினால் ஊர் என்ன சொல்லும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா! ஏறிவிட்டாள்.

உலகநாதன் வந்தான். பையைப் பார்த்தான். புடவையின் கரை வெளியே தெரிந்தது. அவன் முகம் இறுகிப்போனது. பெண் பார்க்க வந்த அன்றும் இதே முகம்தான். அட பாவி, இது பயமில்லையா?

“அன்னிக்கு எங்கம்மா வச்ச கீரையில என்ன இருந்துச்சு?”

“கீரையிலயா? ஒண்ணுமில்லையே.”

“உண்மையைச் சொல்லுங்க.”

“சத்தியமா ஒண்ணுமில்லங்க. அத்தை அவ்வளவு பாடுபட்டுச் சமைச்சாங்க, அதுல என்ன குறை? எனக்குத்தான் வயிறு சரியில்ல.”

காது இரண்டும் சிவந்திருந்தன. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், பிடித்த பிடியை விடாமல் பொய் சொல்லிக்கொண்டு நின்றான்.

ஆவுடை செருப்பைக் கழற்றினாள். நேரே உள்ளே போய், பையை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்குப் பசிக்குது,” என்றாள். “இலை போடச் சொல்லுங்க.”