ஆடியில் கையெழுத்து, ஆவணியில் சாவி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கார் இருந்ததாம். அந்தக் காருக்கு இரண்டு பிறந்தநாளாம். ஊர் சங்கரன்கோவில். காருக்குச் சொந்தக்காரர் கோமதிநாயகம், வாடகைக் கார் ஓட்டுகிறவர். எதையும் நின்று நிதானமாகச் செய்யத் தெரியாத மனுஷன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காலால் செருப்பைத் தேடுகிற ஆள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். கார் ஷோரூமில் ஆடிச் சலுகை போட்டிருந்தார்கள். ஆடிக்குள் வண்டி எடுத்தால்தான் சலுகை. ஆடியில் புது வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்த அவர் வீட்டில் ஒருத்தருக்கும் மனசு கிடையாது. சலுகையை விடவும் முடியவில்லை, ஆடியை மீறவும் முடியவில்லை. ஷோரூம் வாசலுக்கும் எதிர்த்த டீக்கடைக்குமாக அலைந்துகொண்டிருந்தவரை, விற்பனையில் இருந்த இசக்கிராஜ் உள்ளே கூப்பிட்டான்.

"இதுக்குப் போயா அண்ணாச்சி இந்த நடை நடக்கீங்க? இன்னைக்குக் கையெழுத்தப் போடுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி வந்து சாவிய வாங்கிக்கிடுங்க. அதுவரைக்கும் வண்டி இங்கன கிடந்துட்டுப் போகுது."

அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தாளில், 'வண்டியை இன்று பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. அவர் படிக்கவில்லை. அவன் மறைக்கவும் இல்லை. அந்த மாத விற்பனையில் ஒரு வண்டி கூடினால் அவனுக்கும் நல்லதுதானே.

பிறகு ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். ரத வீதியை ஒட்டிப் பந்தல் போட்டு, ஷோரூம்காரர்கள் ஒரு காரை நிறுத்தி ரிப்பன் கட்டியிருந்தார்கள். கோமதிநாயகம் கிட்டே போய்ப் பார்த்தார். செங்கல் நிறம். அந்த நிறத்தில் ஷோரூமுக்கு வந்ததே ஒரு வண்டிதான், அவர் வாங்கிய வண்டி. யார் யாரோ ஏறி உட்கார்ந்து பார்த்து இறங்கினார்கள். அவருக்கும் கால் நிற்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். இசக்கிராஜ் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, செருப்பு, செருப்பு. கழட்டிட்டு ஏறுங்க. புது வண்டில்லா."

அவர் கூச்சத்தோடு கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவினார். இறங்கிப் போய்விட்டார். ஆவணி பிறந்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஆடி முடியப் போகிற நேரம் பார்த்து, கழுகுமலை ரோட்டில் கியர் இறுகிக்கொண்டது. கட்டி இழுத்து வந்தார்கள். கியர் பெட்டியையே மாற்ற வேண்டுமாம். வாரண்டி இருந்தால் கம்பெனி மாற்றித் தரும். இல்லாவிட்டால் அவரால் ஆகாத காரியம். ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஆவணியில் கைவிட்டால் அந்த வீடுகள் அடுத்த விசேஷத்துக்கு இன்னொருத்தர் வண்டியைப் பார்த்துக்கொள்ளும்.

ஷோரூமில் வாரண்டி பார்க்கிற அறை வழவழவென்றிருந்தது. யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். அங்கே இருந்த ஹெலன் கடுமையான ஆள் இல்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"வண்டிய ஒப்படைச்ச நாள்ல இருந்து மூணு வருஷம், சார். வாங்கிக்கிட்டேன்னு நீங்க போட்ட கையெழுத்து இது. இந்தத் தேதிப்படி போன வாரமே முடிஞ்சிருச்சு."

"நான் ஆவணியிலல்லா ஓட்டிட்டுப் போனேன், தாயி. கைக்கே வராத வண்டிக்கு வாரண்டி எப்படி ஓடும்?"

ஹெலன் இசக்கிராஜை வரச் சொன்னாள். அவன் இப்போது விற்பனைக்குத் தலைவன், கழுத்தில் டை.

"வண்டி இங்க நின்னது வாஸ்தவம், மேடம். ஆனா கையெழுத்துப் போட்ட நிமிஷமே அது அண்ணாச்சி வண்டி ஆயிட்டு. அவருக்காக நாங்க பத்திரமா வச்சிருந்தோம். ஒரு உதவிதான்."

"உதவியா? உன் மாசக் கணக்குக்கு நான் செஞ்ச உதவிடே அது."

"ஆடிச் சலுகைய வாங்கினது யாரு அண்ணாச்சி, நானா?"

கோமதிநாயகம் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தவர், மறு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டார்.

அவர் நிற்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட நாள்தான் கணக்கு என்கிறாள் ஹெலன். அன்றைக்கே வண்டி அவருடையது, நாங்கள் காவல்தான் காத்தோம் என்கிறான் இசக்கிராஜ். கைக்கு வந்த நாள்தான் கணக்கு என்கிறார் கோமதிநாயகம். சலுகையையும் அவர்தான் வாங்கியிருக்கிறார். அந்தக் கார் பிறந்தது எந்த நாளில்? இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை அவர் காலடியில் கிடந்தது. ஒரு காலில் செருப்போடு திரும்பி உள்ளே போனார். "படிக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்பு, தாயி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். என் வண்டிக்குக் காவல் இருந்தவன், என்னக் கேக்காம அதத் தபசுல கொண்டுபோய் நிறுத்துவானா? எனக்கே செருப்பக் கழட்டச் சொல்லுவானா?" அடுத்தவர் பொருளைக் காக்கிறவன் அதைக் கடைவிரிக்க மாட்டான், சொந்தக்காரனைச் செருப்போடு ஏறாதே என்று தடுக்கவும் மாட்டான். அன்றைக்கு அது ஷோரூமின் சரக்குத்தான். வாரண்டியில் இருப்பதும் ஒப்படைத்த நாள் என்ற சொல்தான், கையெழுத்திட்ட நாள் இல்லை. ஆகவே கோமதிநாயகம் சொன்னதே சரி. ஆவணியில் எடுத்த வண்டிக்கு ஆடிச் சலுகை வாங்கியது வேறு வழக்கு. அதில் அவருக்கும் இசக்கிராஜுக்கும் பங்கு உண்டு. ஹெலன் இசக்கிராஜைப் பார்த்தாள். அவன் டையைத் திருகிக்கொண்டே, "நான்தான் மேடம் கழட்டச் சொன்னேன்" என்றான். அவள் வாரண்டியிலேயே புதுக் கியர் பெட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கோமதிநாயகம் மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போன் போட்டபடியே படி இறங்கினார். கடைசியாக, யாரும் கூப்பிடாமலே, அந்த ஆடிக் கையெழுத்தின் கதையைத் தானே சொல்ல முதலாளி அறையைப் பார்த்து இசக்கிராஜ் நடந்தான்.