குட்டிப் பட்டிக்கு ஆள் வைத்த கதை

மூன்று காடுகள் சேரும் இடத்தில் ஒரு குட்டிப் பட்டி இருந்தது. சேட்டை செய்த குட்டிகளை அங்கே அடைப்பார்கள். அதை நடத்த மூன்று பேர் கொண்ட குழு. வருஷா வருஷம் காட்டுக்கு ஒருவராக யானைத் தலைவி நியமிப்பாள். கூடியிருக்கும் விலங்குகள் "ஆகட்டும்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

பேச்சி என்ற கரடியின் குட்டி சுருளி, யாரும் தொடக்கூடாத தேன்கூட்டை உடைத்துவிட்டான். மூன்று நாள் தண்டனை. பதினைந்து நாள் ஆகியும் பட்டி திறக்கவில்லை.

பேச்சி வேலி இடுக்கில் பார்த்தாள். பிள்ளை எலும்பும் தோலுமாய்க் கிடந்தான்.

"அம்மா, முதுகில் ஏற்றிக்கொள்!" என்று அழுதான்.

பேச்சி உடனே குழுவிடம் ஓடினாள்.

"மூவரும் கூடினால்தான் திறக்கலாம். நான் இப்போதுதானே கிளம்பியிருக்கிறேன்!" என்றது ஆமை.

"பிள்ளை அழுகையா? என் குஞ்சுகளையே காக்கைதான் பார்க்கிறது!" என்றது குயில்.

"எனக்குக் குட்டிகள் என்றால் உயிர்!" என்று நாக்கை நீட்டியது மலைப்பாம்பு.

மறுநாளே நியமன நாள். "போன வருஷத்து மூவரே இந்த வருஷமும்!" என்றாள் தலைவி.

"ஆகட்டும்!" என்றது கூட்டம்.

போன வருஷம் பலாச்சுளையை மென்றுகொண்டே தானும் அப்படிக் கத்தியது பேச்சிக்கு நினைவு வந்தது. தன் வாயிலேயே அறைந்துகொண்டாள்.

"ஆகாது! முட்டையிட்ட இடத்தைத் திரும்பிப் பார்க்காத ஆமை, பிள்ளை வளர்க்காத குயில், பிள்ளைகளை விழுங்கும் பாம்பு! எந்தத் தாயைக் கேட்டு இவர்களை வைத்தீர்கள்?"

"அடியே, தாய்களைக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை! இவர்கள் என்னை எதிர்த்துப் பேசமாட்டார்கள். அது போதும்!"

"அப்படியா தாயே? உங்கள் கன்றை இன்று ஒரு பொழுது இவர்களிடம் விட்டுப் போங்களேன்!"

மலைப்பாம்பு ஆசையாய்த் தலை தூக்கியது. தலைவி சட்டென்று கன்றைத் தும்பிக்கையால் வளைத்துத் தன் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள்.

கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. இப்போது ஒரு வாயும் "ஆகட்டும்" என்று சொல்லவில்லை.

பேச்சி யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. போய்ப் பட்டிக் கதவைப் பிய்த்தெறிந்தாள். சுருளி முதுகில் ஏறிக்கொண்டான். மற்றத் தாய்களும் அவள் பின்னால் ஓடிவந்து தங்கள் குட்டிகளை அள்ளிக்கொண்டார்கள்.

தன் பிள்ளையை ஒப்படைக்கத் துணியாத கைகளில் ஊரார் பிள்ளைகளை ஒப்படைப்பது அநியாயம். அதைக் கேள்வி கேட்காமல் ஆமோதிப்பவரும் அந்த அநியாயத்தில் பங்காளியே.