பீடத்துக் கிண்ணமும் பப்பாளிக் காம்பும்

சின்னக்கோம்பை என்று ஒரு ஜமீன் இருந்தது. இல்லாவிட்டாலும் கதைக்கு வேண்டும், இருக்கட்டும்.

அரண்மனைக் கூடத்தில் ஒரு கல் பீடம். அதன்மேல் ஒற்றைத் தண்டில் நிற்கும் வெள்ளிக் கிண்ணம்; தட்டுபோல் அகலம், ஆழம் இரண்டு விரல். பக்கத்தில் அதே ஜாடையில் ஒரு கோப்பை. இரண்டுக்கும் காவல் மூன்று பேர்: சடையாண்டி, கொம்பையா, உச்சிமாகாளி.

ஜமீன்தார் குற்றாலம் கிளம்பும்போது சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"தூசி படக்கூடாது. யார் வாயும் படக்கூடாது. பீடத்தைவிட்டு இறக்கக்கூடாது. ஒண்ணு தப்பினாலும் வேலை போச்சு."

வேலை போனால் சடையாண்டிக்கு மாமனார் வீடுதான் கதி. மாமனார் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை பேசுவார். தன் மூல வியாதியைப் பற்றி.

மறுநாளே தூசி பறந்தது.

"ரெண்டுலயும் தண்ணி ஊத்திருவோம். தூசி தண்ணியிலதான படும்?" என்றான் கொம்பையா. ஊற்றினார்கள்.

காக்கை வந்து குடித்தது. "போச்சு, வாய் பட்டுருச்சே!" என்றான் சடையாண்டி.

"காக்காவுக்கு ஏதுடே வாய்? அலகுதான்," என்றான் உச்சிமாகாளி.

"அப்போ கரையறது எதால?"

"மூக்கால."

"சரி, குத்தமில்ல."

மூன்றாம் நாள் தண்ணீர் நாறியது. இறக்கிக் கவிழ்க்க வழியில்லை. சடையாண்டி குழல்போல் துளையுள்ள பப்பாளி இலைக் காம்பை ஒடித்துவந்தான். வாய் காம்பில்தானே படும்? தினம் உறிஞ்சினார்கள், தினம் ஊற்றினார்கள். வயிறு கெட்டது. உத்தரவு கெடவில்லை.

ஜமீன்தார் வெயிலில் வந்து இறங்கினார். "கோப்பையில மோர் ஊத்து."

இருந்த தண்ணீரை உறிஞ்சித் தீர்த்துவிட்டு மோர் ஊற்றினார்கள். அவர் கோப்பையில் கைவைத்ததும் சடையாண்டி பணிவாக அவர் வாயைப் பொத்தினான்.

கையைத் தட்டிவிட்டு, "என்னடா இது?" என்றார்.

"யார் வாயும் படக்கூடாதுன்னு உத்தரவுங்க, எசமான்."

"உத்தரவு போட்டவனே நான்டா."

"அதான் எசமான் பயம். உங்களுக்குத் தெரிஞ்சா எங்க வேலை போயிரும்."

கொம்பையா காம்பை நீட்டினான். தாகம் பெரிது. ஜமீன்தார் குனிந்து உறிஞ்சினார். கோப்பை காலியானதும் நிமிர்ந்து கத்தினார்: "இனிமே நான் சொல்ற ஒரு வார்த்தையையும் கேக்காதீங்க. மூணு பேரும் மூட்டை கட்டிக்கிட்டு வெளியே போங்க."

மூவரும் மூலையில் கூடினார்கள்.

"முதல்ல என்ன சொன்னாரு?"

"அவர் பேச்சைக் கேக்கக்கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"போகச் சொன்னாரு."

"போனா முதல் உத்தரவை மீறுனதாகுமே."

"ஆகும்."

சடையாண்டிக்கு மூச்சு திரும்பியது. நாளைக்கும் எசமானுக்குத் தாகம் எடுக்குமே என்று புதுக்காம்பு ஒடிக்கப் பப்பாளி மரத்தடிக்குப் போனான்.