வாலுக்குள் ஒரு ஆள்

"டீச்சரம்மா, எனக்கு வேற ஆள் பார்த்துக் கொடுங்க."

மெஹரூன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் தேவசகாயம் கேட்டுவிட்டார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரவழைத்து, வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டுகிறார். மெஹரூன் அவரைவிட இருபது வயது இளையவள். விமானத் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவள். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

"இப்ப இருக்கிற ஆளுக்கு என்ன சார்?"

"பிளேனோட பின்பக்க உடம்பு பொங்கலுக்குள்ள முடியணும். இவ விடமாட்டேங்கறா. நான் அடிக்க அடிக்க, உள்ளேயிருந்து 'சரியில்லை, எடுங்க'ங்கறா. வெளியே பாருங்க, மணி மணியா இருக்கு."

வால் பக்கம் குறுகிக்கொண்டே போகும் அலுமினியக் கூடு அது. அவர் மனைவி அமலி அதற்குள் படுத்து, ரிவெட் முனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பாள். இவர் வெளியிலிருந்து காற்றில் இயங்கும் ரிவெட் கன்னால் அடிப்பார். முனை உள்ளே வட்டமாக நசுங்கினால்தான் பிடிப்பு. மடங்கிப் போனால் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்கணும். அந்தப் பிடிப்பு விட்டால் ஆகாயத்தில் வால் நிற்காது.

"உள்ளே போய்ப் பார்த்தீங்களா?"

"என் வயிறு போகுமா?"

கூட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

மெஹரூன் குனிந்து, "அக்கா, வெளியே வாங்க," என்றாள்.

கன்னை எடுத்து அமலி கையில் கொடுத்தாள். இரும்புக் கட்டையை அவரிடம் நீட்டினாள்.

"மூச்சை விட்டுட்டு நுழைங்க சார்."

நுழைந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று வெளியே தெறித்தது.

"அடிங்க அக்கா."

"எனக்கு அடிக்கத் தெரியாதே."

"சாரும் அப்படித்தான் அடிக்கிறார்."

அமலி அடித்தாள்.

மண்டைக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. கட்டை வழுக்கி விரலில் பட்டது.

"வெளியே நல்லா இருக்குங்க. உள்ளே எப்படி?" என்றாள் அமலி.

டார்ச்சைப் போட்டார். முனை ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது.

வெளிச்சத்தை மெதுவாக மேலே கொண்டுபோனார். அவர் அடித்தவை, வரிசை வரிசையாக. எல்லாமே பொட்டு வைத்தது போல வட்டம். எடுத்து மறுபடி அடித்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் அமலி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். சிலதுக்கு ஒரு கோடு. சிலதுக்கு இரண்டு.

முழங்கை ஊன்றும் இடத்தில், கூரான விளிம்பைச் சுற்றி, பழைய சேலைத் துணி கட்டியிருந்தது. அதில் காய்ந்த ரத்தம்.

டார்ச்சை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"என்னங்க, மாட்டிக்கிட்டீங்களா?"

அவர் பென்சில் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வேற ஆளுக்கு நாளைக்கே சொல்லிடவா சார்?" என்றாள் மெஹரூன்.



"சரி, வெளியே வாங்க. நானே உள்ளே போறேன்," என்றாள் அமலி. "எனக்குப் பழக்கம்தானே."

"நீ வராதே." "டீச்சரம்மா, முதல்ல இவ முழங்கைக்கு மருந்து போட்டு விடுங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."