சுமைப்படை எறும்புகள்

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டெறும்புகளுக்கும் கறையான்களுக்கும் ஒரு போர் மூண்டது. வயலின் தெற்கு மூலையில், இடி விழுந்து தலை போன பனையின் தூர் ஒன்று நின்றது. அதைக் கறையான் பிடித்துவிட்டால் அடுத்தது வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் எறும்புகளின் வளை. அதனால் கட்டெறும்புகள் தூரின் மேல் ஏறி நின்று, இரவும் பகலும் அதைக் காத்தன. அவற்றின் கடியைப் பற்றிப் பாட்டுகள் உண்டு. அவற்றுக்குச் சோறு சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் சுமப்பதற்கென்று தனியாக யாரும் இருக்கவில்லை. ஒவ்வொரு வீரனும் தன் அரிசியைத் தானே கவ்விக்கொண்டு போனான். வாயில் அரிசி இருந்தால் கடிக்க முடியவில்லை; கடிக்க வாயைத் திறந்தால் அரிசி விழுந்தது. கறையான்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. அப்படியொரு சண்டை தோற்ற பிறகுதான், உருவத்தில் சிறிய கறுப்பு எறும்புகளை அழைத்துச் சுமைப்படை அமைத்தார்கள். வழியில் கிடக்கும் சருகை விலக்க ஒரு கூட்டம், அடிபட்டவர்களைத் தூக்கி வர ஒரு கூட்டம், மற்ற எல்லோரும் தானியத்துக்கு. கட்டெறும்புகள் அவர்களை ‘வயிற்றுப்படை’ என்று கேலி செய்தன. அவர்களும் அந்தப் பெயரை மறுக்கவில்லை. வயிறு வேலைநிறுத்தம் செய்தால் இந்த வாய்கள் என்ன செய்யும் பார்ப்போம் என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவி முன்னத்தி. எல்லாருக்கும் முன்னால் நடப்பவள் என்பதால் அந்தப் பெயர். தொடக்கத்தில் சுமைப்படை பேச்சும் சிரிப்புமாகத்தான் நடந்தது. ஒருநாள், ராணியின் மகளுக்குச் சிறகு முளைத்த செய்தியை யாரோ வரப்பின் நடுவில் நின்று சொன்னாள். கேட்டவள் நின்றாள், பின்னால் வந்தவள் முட்டினாள், வரிசை வாய்க்கால்வரை தேங்கியது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தேங்கி நின்றவர்களில் பாதிப் பேர் வெள்ளத்தோடு போனார்கள். முன்னத்தியின் தங்கையும் அதில் ஒருத்தி.

மறுநாள் முன்னத்தி அழவில்லை. சட்டம் போட்டாள். சுமையோடு போகிறவர்கள் வரப்பின் கிழக்கு ஓரம், வெறும் வாயோடு திரும்புகிறவர்கள் மேற்கு ஓரம். யாரும் நிற்கக் கூடாது, பேசக் கூடாது, பாதி வழியில் திரும்பக் கூடாது. சேதி எதுவானாலும் வளைக்குப் போய்த் தன்னிடம் சொல்ல வேண்டும். மீறுகிறவளுக்கு ஒரு மீசை போகும்.

குறுணைக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. கூட்டத்திலேயே சிறியவள் அவள். பேச்சு இருந்த நாட்களில் அவளைக் கிண்டல் செய்யாத நாக்கு இல்லை. மௌனத்தில் எல்லாரும் ஒரே உயரமாகிவிட்டார்கள். ஆயிரம் கால்கள் மண்ணில் படும் ஓசை மட்டும் தொலைவில் பெய்யும் தூறல்போலக் கேட்டது. அந்த ஓசைக்குள் அவளும் ஒரு துளி. இதுவரை ஒரு முறைகூட வரிசையில் நின்றதில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே பெருமை.

கோடை முற்றியது. அன்று காலையிலேயே வரப்பு அடுப்பில் வைத்த சட்டியாகக் காய்ந்தது. பாதி வழியில் கிணற்று வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கரையில் மட்டும் பாசி ஈரமாக இருந்தது. குறுணை அரிசியைக் கவ்வியபடி அதைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருப்பாள். எதிர் ஓரத்தில் அவள் அக்கா உமி வந்துகொண்டிருந்தாள். குறுணையைக் கண்டதும் அவள் ஓரத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தாள்.

“குறுணை, கொஞ்சம் நில்லு.”

குறுணை நிற்கவில்லை. உமி எப்போதும் வாயாடி. கால் வலிக்கிறது என்பாள், வளையில் யாரோ ஏதோ சொன்னாள் என்பாள். சுமை வாயில் இருந்ததால் குறுணை பல்லிடுக்கில் முனகினாள்: “வீட்டுல பேசிக்கலாம்க்கா.”

உமி அவள் கூடவே இரண்டடி ஓடி வந்தாள். அதற்குள் பின்னால் வந்தவர்கள் அவளை முட்டித் தள்ளினார்கள். குறுணை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நடை தப்பும்.

பனந்தூரை அடைந்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். தூரின் அடியில் அரிசி குவிந்து கிடந்தது. ஒரு மணியும் கடிபடவில்லை. குவியலைச் சுற்றிலும் கட்டெறும்புகள் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. சில அசைந்தன. பல அசையவில்லை.

கருக்கு என்ற கட்டெறும்பு மட்டும் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தபோதெல்லாம் ‘ஏ வயிற்றுப்படை, இன்னைக்கு என்ன குழம்பு’ என்று கேட்கிறவன் அவன்.

“தண்ணி எங்கே?” என்றான்.

“அரிசிண்ணே,” என்றாள் குறுணை.

“அரிசிக்கு என்ன குறைச்சல்? அரிசி மேலேயே படுத்துச் சாகுறோம். பொந்துல கிடந்த தண்ணிய கறையான் மண்ணப் பூசி அடைச்சிட்டான். விடிஞ்சதுலேர்ந்து வர்ற ஒவ்வொருத்திகிட்டயும் சொல்றோம். தலைய ஆட்டிட்டுப் போறாளுங்க. உங்க சட்டப்படி சேதி வளைக்குப் போய்ச் சேரவே பொழுது சாஞ்சிடும்; அதுக்குள்ள அடுத்து வர்றவ மறுபடி அரிசியத் தூக்கிட்டு வந்து நிக்கிறா.” அவன் மூச்சு வாங்கினான். “உமின்னு ஒருத்தி மட்டும் சொன்னா, சட்டம் கிடக்கட்டும், வழியிலேயே சொல்றேன்னு. அவளும் சொல்லல போல.”

குறுணையின் வாயிலிருந்த அரிசி தானாக நழுவியது. உமி கூப்பிட்டபோது வாய்க்கால் அவளுக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தது. அந்த இரண்டடி நேரம் நின்றிருந்தால், அரிசியைப் போட்டுவிட்டு ஒரு வாய் ஈரப் பாசியோடு இங்கே வந்திருப்பாள். அவள் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். சொல்ல உமி இருந்தாள். கேட்கத்தான் யாரும் நிற்கவில்லை.

அவள் மேற்கு ஓரத்தில் ஓடினாள். வாய்க்காலைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் வாயைத் திறக்காமல் ஓடினாள். பாசிக் கரை வந்ததும் குறுக்கே பாய்ந்து கிழக்கு ஓரத்தின் நடுவில் நின்றாள். எதிரே வந்தவள் முட்டினாள். குறுணை விலகவில்லை. இரண்டு மீசைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அரிசியைப் போட்டுவிட்டுப் பாசியை எடுக்கும்படி சொன்னாள். அவள் விழித்தாள். வரிசை தேங்கத் தொடங்கியது.

முன்னத்தி பற்களை விரித்துக்கொண்டு வந்தாள். அவள் உடம்பே நடுங்கியது. கோபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தேங்கிய வரிசையைப் பார்த்ததும் அவள் கண்ணில் தெரிந்தது மழைதான் என்பது குறுணைக்கு விளங்கியது.

“நகரு,” என்றாள் முன்னத்தி.

“மீசைய எடுத்துக்குங்கம்மா. கேட்டுட்டு எடுங்க. உங்க தங்கச்சி நின்னதால செத்தா. அங்கே நான் நிக்காததால சாகுறாங்க.”

முன்னத்தி விரித்த பல்லை மூடிக்கொண்டு, தன் முகத்தைக் குறுணையின் முகத்தோடு வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுத்து நின்றவளிடம் போய், அவள் முகத்தில் முகம் வைத்துச் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். வரப்பின் ஓரத்தில் அரிசிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பாசி போய்ச் சேர்ந்தபோது வாயைத் திறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கருக்கு அவர்களில் இல்லை. அந்தக் கொஞ்சம் பேர் மழை வரும்வரை தூரை விடாமல் காத்தார்கள். தண்ணீரில்லாமலே வென்ற வீரர்கள் என்று அவர்களைப் பாட்டு சொல்கிறது. பாசியைப் பற்றிப் பாட்டுக்குத் தெரியாது.

உமி வளையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். குறுணை போன பிறகும் அவள் எதிரே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். முன்னத்தியின் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். அவளுக்கு இப்போது ஒரு மீசைதான் இருந்தது. குறுணை அருகில் போய் உட்கார்ந்தாள்.

உமிதான் பேசினாள். “நீ நின்னிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுடி. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன்னையும் தள்ளிவிட்டிருப்பாங்க.”

அது பொய் என்று குறுணைக்குத் தெரியும். தெரியும் என்பது உமிக்கும் தெரியும்.

மறுநாள் முன்னத்தி சட்டத்தை எடுத்துவிட்டாள். புதிதாக ஒன்றும் போடவில்லை. குறுணை சுமையோடு புறப்பட்டு, எதிரே வந்த முதல் எறும்பிடம் நின்றாள். அவளிடம் சேதி எதுவும் இல்லை. அடுத்தவளிடமும் நின்றாள். அவளிடமும் இல்லை. இவளிடம் இருக்கலாம் என்று அதற்கடுத்தவளிடமும் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

அன்று முதல்தான், தன்னைவிடப் பெரிய பருக்கையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு அவசரமாகப் போனாலும், எதிரே வருகிற ஒருத்தியைக்கூட விடாமல் எறும்பு நின்று, முகத்தோடு முகம் வைத்து, மீசையால் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறது.